தாத்தா ரங்கூனிலிருந்து நடந்து வந்த வழியில் நடக்க வேண்டும் – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

முதுநகர்_பேரன்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக எழுத நினைத்த இழை, இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

என் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், கடலூர் முதுநகரிலிருந்து பதினெட்டு வயதில் ரங்கூன் போனவர். பசுண்டாங் ஓடைப் பக்கம் ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான்காரன் முதல் குண்டு போட்டபோது அங்கேதான் இருந்தார். "ஏரோப்ளேனைப் பார்க்க எல்லாரும் தெருவுக்கு ஓடியாந்தாங்க. பார்த்துக்கிட்டு நின்னவங்கதான் போயிட்டாங்க" என்பார். அதற்குப் பிறகு நடை. மில்லிலிருந்து ஏழு பேர் சேர்ந்து கிளம்பினார்கள், ஊர் வந்து சேர்ந்தது மூன்று பேர். 1942 ஆனி மாசத்தில் வாசலில் வந்து நின்றார் என்று ஆயா சொல்லும்.

கையில் கொண்டுவந்தது ஒரு பித்தளைச் சொம்பு. அது இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. வாய் ஓரம் நசுங்கி, மற்ற இடமெல்லாம் கறுத்திருந்தாலும் கழுத்தில் கயிறு கட்டி இடுப்பில் தொங்கவிட்ட இடம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கும். ஓடைத் தண்ணீரை அள்ளிக் குடித்தவர்கள் காலராவில் போனார்கள் என்றும், தாம் அந்தச் சொம்பில் கொதிக்க வைத்துத்தான் குடித்ததாகவும் சொல்வார்.

வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குத் தேவனாம்பட்டினம் கடலில் தர்ப்பணம் கொடுக்கும்போது, தன் அப்பன் பாட்டனுக்குக் கொடுத்து முடித்த பிறகு இன்னொரு கை எள்ளும் தண்ணியும் எடுத்து விடுவார். "இது வழியில விட்டவங்களுக்கு." தாத்தாவுக்குப் பின் அப்பா அப்படிச் செய்தார். இப்போது நான் செய்கிறேன். யாருக்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நெட்டையன், மஞ்சக்குப்பத்து மாமன் என்று இரண்டு பட்டப் பெயர்கள் மட்டும் தெரியும்.

மணிப்பூரில் பர்மா எல்லையில் இருக்கும் மோரேவிலிருந்து பாலேல், இம்பால், கோஹிமா வழியாக நாகாலாந்தின் திமாப்பூர் வரை நடக்கலாம் என்று நினைக்கிறேன். மொத்தம் சுமார் 325 கி.மீ. வருகிறது. ஒரு குழப்பம் மட்டும் தீரவில்லை. தாத்தா வாயில் வந்த ஊர்கள் பிரோம், மாந்தளே, கலேவா, தம்மு, மணிப்பூர் ரோடு. வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் பிரோம் ஒரு திசை, தம்மு வேறு திசை. அவர் உண்மையில் எந்த வழியில் வந்தார்? "மணிப்பூர் ரோட்லதான் முதல் கஞ்சி" என்பார். ரோட்டில் எந்த இடம்?

கெடிலக்கரை_வாத்தியார்

தம்பி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கஞ்சி. மணிப்பூர் ரோடு என்பது ரோடு இல்லை, ரயில் நிலையம். இன்றைக்குத் திமாப்பூர் என்கிறோமே, அந்த ஸ்டேஷனுக்கு அப்போதைய பெயர் அதுதான். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு அங்கேதான் ரயில். உங்கள் தாத்தா நடந்து முடித்த இடத்தைத்தான் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது பிரோம். உங்கள் தாத்தா இரண்டு தரம் கிளம்பியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். டிசம்பரில் குண்டு விழுந்ததும் ரங்கூனிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பிரோம் ரோட்டில் வடக்கே ஓடினார்கள். பிரோமுக்கு எதிரே ஐராவதியைத் தாண்டி, அரக்கான் மலை ஏறி, தௌங்குப்பில் இறங்கி, படகில் அக்யாப், அப்புறம் சிட்டகாங் என்பது ஒரு வழி. ஆனால் இந்தியக் கூலிகள் போய்விட்டால் துறைமுகமும் மில்லும் நின்றுவிடும் என்று வெள்ளைக்காரன் பயந்தான். ரங்கூன் நகரத்தில் அன்றைக்குப் பாதிக்கு மேல் இந்தியர்கள். சமாதானம் சொல்லியும் வழியை மறித்தும் நிறையப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பினவர்கள் 1942 பிப்ரவரி 20 வாக்கில் நகரைக் காலி செய்யும் உத்தரவு வந்த பிறகு மறுபடி கிளம்பினார்கள். மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது. இந்தத் தரம் மாந்தளே வரை ரயில், சிந்துவின் ஆற்றில் கலேவா, அங்கிருந்து கபாவ் பள்ளத்தாக்கு வழியாகத் தம்மு. கலேவா–தம்மு மட்டுமே ஏறக்குறைய 150 கி.மீ. மலேரியாவுக்குப் பேர்போன காடு.

அதனால் பிரோமும் சரி, தம்முவும் சரி. முதல் பயணம் பாதியில் நின்றது, இரண்டாவதுதான் வீடு சேர்த்தது. ஊர் வந்த மாசமும் இதற்குப் பொருந்துகிறது.

பர்மாவிலிருந்து இப்படி ஐந்து லட்சம் பேர் வரை வந்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். வழியில் இறந்தவர்கள் பத்தாயிரம் என்பார்கள், ஐம்பதாயிரம் என்பார்கள், அதற்கு மேலும் சொல்வார்கள். எண்ணி எழுத ஆள் வைக்கவில்லை என்பதற்கு இந்த இடைவெளியே சாட்சி. வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பாதை, நம் ஆட்களுக்கு ஒரு பாதை என்று பிரித்ததும் நடந்தது. 1942 ஏப்ரல் கடைசியில் அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி இதைக் கண்டித்துத் தீர்மானமே போட்டது.

நீங்கள் கொடுக்கும் அந்த இன்னொரு கைக்கும் பெயர் உண்டு. காருண்ய தர்ப்பணம். யாரும் இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. விடாமல் செய்யுங்கள்.

முதுநகர்_பேரன்

ஐயா, இரண்டு தரம் கிளம்பினார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை. அத்தைக்கு உடனே போன் போட்டேன். "ஆமாடா, 'போனவனைத் திருப்பி வுட்டானுங்க'ன்னு சொல்லும் அப்பா. வேலைக்குத் திருப்பி வுட்டத சொல்லுதுன்னு நெனச்சேன்" என்றார். எண்பது வருஷம் காதில் விழுந்த வாக்கியம், அர்த்தம் இன்றைக்குத்தான் தெரிகிறது.

ஓய்வு_ஹவில்தார்

தம்பி, நான் பண்ருட்டிக்காரன். மணிப்பூரில் பணி செய்திருக்கிறேன். நேராகச் சொல்கிறேன், மோரேவிலிருந்து நடக்கும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

2023 மே 3-ல் தொடங்கிய கலவரத்துக்குப் பிறகு இம்பால் சமவெளிக்கும் மலைக்கும் நடுவே சாதாரணமாகப் போய்வர முடிவதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து தம்மு வட்டாரத்தில் சண்டை. தனியாக ஒரு வெளியூர் ஆள் முதுகுப் பையோடு டெங்னௌபால் மலையில் நடந்தால் உங்களுக்கும் ஆபத்து, உங்களைத் தேட வருகிறவர்களுக்கும் ஆபத்து.

எனக்கும் அந்த ரோட்டின் மேல் பாசம் உண்டு. டெங்னௌபால் உச்சியில் காலை நேரத்தில் பனி விலகினால் கீழே கபாவ் பள்ளத்தாக்கு நீலமாக விரியும். பத்து நிமிஷம் நிற்காமல் வர மாட்டேன். மோரேயில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. முதல் முறை அங்கே போனபோது கடையில் தமிழ்ப் பேச்சு கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். 1962-ல் நே வின் ஆட்சிக்கு வந்த பிறகு பர்மாவை விட்டு ஊர் திரும்பி, இங்கே பிழைக்க முடியாமல் மறுபடி பர்மாவுக்கே போகலாம் என்று கிளம்பி, எல்லையில் நின்றுபோனவர்கள் அவர்கள்.

கோஹிமா–திமாப்பூர் நடக்கலாம். 74 கி.மீ. உங்கள் தாத்தா போன வழியின் கடைசித் துண்டு. நாகாலாந்துக்குள் வெளியூர்க்காரர் போக இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம், அந்த மலை சரியும்.

பரங்கிப்பேட்டை_பையன்

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் வாப்பாவின் வாப்பாவும் ரங்கூனில் கைலிக் கடையில் இருந்தவர். கப்பலில் வந்துவிட்டார். அவருடைய தம்பிகள் இரண்டு பேருக்கு இடம் கிடைக்கவில்லை, நடந்தார்கள். அதோடு செய்தி இல்லை.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. லாரி ஓடும் நெடுஞ்சாலையில் 74 கி.மீ. நடப்பதால் யாருக்கு என்ன? அந்தச் செலவில் முதுநகர், பரங்கிப்பேட்டை, நாகூர், காரைக்கால் என்று வீடு வீடாகப் போய், தொண்ணூறு வயதுக்காரர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கலாமே. எங்கள் பெரியம்மா போன வருஷம் மௌத்தானார்கள். அந்தத் தம்பிகளைப் பற்றித் தெரிந்த கடைசி ஆள் அவர்கள்தான். நாங்கள் ஒன்றுமே கேட்டு வைக்கவில்லை.

நெல்லித்தோப்பு

நான் புதுச்சேரி. எங்கள் வீட்டில் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரை போனவர். கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14-ல் விளக்குப் போட்டு மாலை வைப்பார்கள், பழைய சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு நிற்பார்கள். சின்ன வயதில் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன், பெருமையாக இருக்கும். இந்த இழையைப் படித்த பிறகுதான் தோன்றுகிறது. சீருடை போட்டுப் போனவருக்குக் கல்லும் உண்டு, பென்ஷனும் உண்டு. மூட்டை தூக்கப் போய், சண்டையில் மாட்டி, காட்டில் செத்தவருக்கு இந்தக் கரையில் எங்கேயும் ஒரு கல்லை நான் பார்த்ததில்லை. நம் முதுநகர், நாகப்பட்டினம் துறைமுகங்களில் கப்பல் ஏறியவர்கள்தானே அவர்கள்.

நடந்துவிட்டு வாருங்கள். பரங்கிப்பேட்டைத் தம்பி சொன்னதையும் செய்யுங்கள். ஒன்றுக்கு ஒன்று தடை இல்லை.

பாகூர்_பேத்தி

மலேசியாவில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் பாகூர். என் ஆயாவின் அண்ணன் ரப்பர் தோட்டத்திலிருந்து, ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போகப்பட்டவர், திரும்பவில்லை.

இரண்டு வருஷம் முன்னால் தாய்லாந்தில் காஞ்சனபுரி போய், ஹெல்ஃபயர் பாஸ் என்கிற பாறைப் பிளவு வழியாக நடந்தேன். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த 415 கி.மீ. ரயில் பாதை, 1943 அக்டோபரில் முடித்தார்கள். ஆஸ்திரேலிய அரசு அந்தப் பகுதியை நடைபாதையாக வைத்துப் பராமரிக்கிறது. அவர்களுடைய போர் வீரர் நினைவு நாளான ஏப்ரல் 25 விடியற்காலையில், அங்கே வேலை செய்த ஆஸ்திரேலியப் போர்க் கைதிகளின் பேரப்பிள்ளைகள் விளக்கோடு நிற்பார்கள். பாறையில் உளி இறங்கிய துளைகள் அப்படியே இருக்கின்றன. ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தேன், இரண்டு கணுவுக்கு உள்ளே போனது. ஆயாவின் அண்ணன் கையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் போர்க் கைதிகள் 6,982 பேர் கிடக்கிறார்கள், புல் வெட்டி, பூச்செடி வைத்து அவ்வளவு சுத்தம். அந்த ரயிலில் இறந்த தமிழர்கள், மலாய்க்காரர்கள், பர்மியர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை.

பரங்கிப்பேட்டைத் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். நானும் நடந்தால் என்ன ஆகும் என்றுதான் நினைத்தேன். நடந்துவிட்டு வந்து ஆயாவிடம் படம் காட்டியபோது, அதுவரை அண்ணனைப் பற்றி வாயே திறக்காத ஆயா அவர் பெயரையும், இடது புருவத்தில் இருந்த தழும்பையும், அவருக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டையும் சொன்னது. வெறும் கையோடு போய்க் கேட்டிருந்தால் சொல்லியிருக்காது.

பரங்கிப்பேட்டை_பையன்

சரி அக்கா. இதை நான் யோசிக்கவில்லை.

முதுநகர்_பேரன்

எல்லோருக்கும் நன்றி. ஹவில்தார் ஐயா சொன்னபடி மோரே வேண்டாம். தை மாசம் கோஹிமா–திமாப்பூர். டிசம்பர் 1 முதல் 10 வரை நாகாலாந்தில் ஹார்ன்பில் திருவிழா, அறை கிடைக்காது என்பதால் அதற்குப் பிறகு.

நான் திமாப்பூரில் தொடங்கி மேலே ஏறுவதாகத்தான் போட்டு வைத்திருந்தேன். ரயில் அங்கே நிற்கிறது, அதனால். அத்தைதான் மாற்றினார். "உங்க தாத்தா வூட்டப் பாக்க நடந்தாரு. நீ எதுக்குடா வூட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நடக்குற?" பதில் பேச முடியவில்லை. கோஹிமா வரை வண்டியில் போய், அங்கிருந்து கீழே இறங்கி நடக்கிறேன்.

ஓய்வு_ஹவில்தார்

அத்தை சொன்னது சரி. ஆனால் ஏற்றத்தை விட இறக்கம்தான் முழங்காலைத் தின்னும். கைத்தடி கட்டாயம். ஷூவை இப்போதே வாங்கித் தேவனாம்பட்டினம் மணலில் தினம் நடந்து பழக்குங்கள். காட்பாடி போனால் திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம், நேராகத் திமாப்பூரில் இறங்கலாம். இரவில் ரோட்டில் நடக்க வேண்டாம். கிராமத்தில் தங்குவதென்றால் முதலில் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்.

முதுநகர்_பேரன்

போய் வந்துவிட்டேன். நான்கு நாள் நடை.

கோஹிமாவில் முதல் நாள் போர்க் கல்லறை. 1944-ல் ஜப்பான் படையோடு மூன்று மாசம் சண்டை நடந்த அதே மலைச்சரிவு. 1,420 கல்லறைகள். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்களைத் தனியாகப் பொறித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் நின்று படித்தேன், தமிழ்ப் பெயர் மாதிரி தெரிந்த இடத்தில் எல்லாம் விரல் வைத்துப் படித்தேன். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அதே மலைரோட்டில் போனவர்கள் தாத்தாவின் கூட்டம்.

முதல் நாள் ஜுப்சா வரை. சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கிறது, வழியெல்லாம் செம்புழுதி. லாரி ஒவ்வொன்றும் போன பிறகு கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கித்தான் நடக்க வேண்டும். மலைச்சரிவெல்லாம் படிப்படியாக நெல் வயல். அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்றது. சொம்பை எடுத்துப் போயிருந்தேன், தாத்தா மாதிரியே கயிறு கட்டி இடுப்பில். இரண்டு மணி நேரத்தில் தொடைச் சதையில் அடித்து அடித்துக் கன்றிவிட்டது. அவர் இதோடு கலேவாவிலிருந்து நடந்திருக்கிறார்.

இரண்டாம் நாள் பிபேமாவுக்கு முன்னால் ஒரு டீக்கடை. வயதான அம்மா. எங்கிருந்து வருகிறாய், ஏன் நடக்கிறாய் என்று அரைகுறை இந்தியில் கேட்டார். நானும் அரைகுறை இந்தியில் சொன்னேன். சொம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சண்டை வந்தபோது அவர் அம்மா கைக்குழந்தையோடு காட்டுக்குள் ஓடினவராம். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ச் சொம்பைக் கழுவி, அடுப்பில் வைத்துத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. சொம்பு சுட்டது, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மூன்றாம் நாள் இடது முழங்கால் வீங்கிவிட்டது. ஐயா சொன்னது சரிதான். மெட்ஸிபேமாவில் சீக்கிரமே படுத்துவிட்டேன். நான்காம் நாள் சுமௌகெடிமா தாண்டியதும் மலை முடிந்து தரை சமமாகிறது. காற்றே மாறிவிடுகிறது, வெக்கையும் வாழைத்தோப்புமாக. "மலை முடிஞ்சதும் நம்மூரு வாசனை வந்துச்சு" என்று தாத்தா சொன்னது இந்த இடமாகத்தான் இருக்க வேண்டும்.

திமாப்பூர் ஸ்டேஷனில் மணிப்பூர் ரோடு என்று எங்கேயாவது எழுதியிருக்குமா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை. தங்கிய இடத்துச் சமையல்காரரிடம் நொய்க்கஞ்சி வைத்துத் தரச் சொன்னேன். உப்பு மட்டும் போட்டு, சொம்பில் வாங்கி, நடைமேடை ஓரத்தில் உட்கார்ந்து குடித்தேன். அத்தைக்கு வீடியோ கால். அத்தை ஒன்றும் பேசவில்லை, நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் சொன்னார், நெட்டையன் முதுநகர் இல்லையாம், திருப்பாதிரிப்புலியூர் தேரடித் தெருக்காரராம். அவர் தங்கச்சி குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறதாம்.

கெடிலக்கரை_வாத்தியார்

தேரடித் தெருவா? நாளைக் காலையிலேயே போய் விசாரிக்கிறேன், தம்பி.

கெடிலக்கரை_வாத்தியார்

கண்டுபிடித்துவிட்டேன். தங்கச்சியின் மருமகள் இருக்கிறார், எழுபத்தாறு வயது. பெயர் சொன்னார். உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அந்த வீட்டில் அவருக்கு இத்தனை வருஷமும் திதி கொடுத்ததில்லையாம், செத்த சேதி வரவில்லையே என்று.

முதுநகர்_பேரன்

இன்று ஆடி அமாவாசை. தேவனாம்பட்டினத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். இந்த இழையில் படித்துவிட்டுத் தனிச்செய்தியில் வந்த பெயர்களையும் சேர்த்துப் பதினொரு பெயர் இருந்தது. பாகூர் அக்கா ஆயாவின் அண்ணனும் அதில் ஒருவர். தேரடித் தெரு அம்மா தன் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், நெட்டையனுக்கு அந்தப் பையன்தான் எள்ளு விட்டான். ஐயர் ஒவ்வொருவருக்கும் கோத்திரம் கேட்டார், தெரியாதவர்களுக்குச் சிவகோத்திரம் என்று சொல்லிக்கொண்டார். மஞ்சக்குப்பத்து மாமனுக்குப் பெயரும் தெரியவில்லை. அப்படியே சொல்லுங்கள் என்றேன். "மஞ்சக்குப்பத்து மாமன்" என்று சொல்லித்தான் தண்ணீர் விட்டோம்.

பரங்கிப்பேட்டை_பையன்

வழியில் காணாமல் போன எங்கள் வீட்டுத் தம்பிகள் இரண்டு பேருக்கும் நேற்று பள்ளிவாசலில் யாசீன் ஓதினோம் அண்ணா. மூத்தவர் பெயர் கிடைத்துவிட்டது, காரைக்காலில் ஒரு பெரியவரிடம். இளையவருக்கு இன்னும் தேடுகிறேன். ரங்கூனில் மொகல் தெருப் பக்கம் கைலிக் கடைகளில் வேலை செய்தவர்களின் குடும்பம் யாராவது இதைப் படித்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.